படுவான்கரைக்குச் சிக்கனம் கற்பிக்க வேண்டாம்

"இந்தச் சனத்துக்கு உழைக்கத் தெரியும், செலவழிக்கத்தான் தெரியாது." மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் வவுணதீவுப் பக்கம் நடக்கும் வாழ்வாதாரக் கூட்டங்களில் இதைச் சொல்ல யாராவது ஒருவர் இருந்தே தீருகிறார். அதைத் தொடர்ந்து அறிவுரைகள் வரிசையாக வரும். கடைக்குப் போகுமுன் பட்டியல் எழுதுங்கள். மாதச் சாமான்களை ஒரே தடவையில் வாங்குங்கள். நூறு கிராம் பக்கெட்டைத் தொடாதீர்கள். நகரத்தில் நாலு கடையில் விலை கேளுங்கள். கொப்பியில் கடன் எழுதுவதை நிறுத்துங்கள். வீட்டுத்தோட்டம் போடுங்கள். வந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் பேசாமல் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அந்த மௌனத்தை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு அடுத்த பயிற்சிக்கு நாள் குறிக்கப்படுகிறது.

சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பலர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வது பிழை. பிழையான நோய்க்குக் கொடுக்கும் மருந்து பயனில்லாமல் போவதோடு நிற்காது, நோயாளியைக் குற்றவாளியும் ஆக்கிவிடும். வவுணதீவு உள்ள இந்த மண்முனை மேற்குப் பிரதேசத்தின் ஏழைக் குடும்பங்கள் சாமான் செலவில் கோட்டைவிடுவதால் ஏழைகளாக இருக்கவில்லை. ஏழைகளாக இருப்பதால், அதே சாமானுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிவைத்த கணக்கையே இத்தனை காலமும் கற்பித்துவருகிறோம்.

முதலில், யாருக்குச் சிக்கனம் கற்பிக்கிறோம் என்று பார்ப்போம். வாவிக்கு மேற்கே உள்ள இந்த நிலம் 2007 வரை உள்நாட்டுப் போரின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் இருந்தது. வவுணதீவு இராணுவ முகாமையும் சோதனைச்சாவடியையும் தாண்டித்தான் எந்தப் பொருளும் உள்ளே வந்தது. எது போகலாம், எவ்வளவு போகலாம் என்பதைத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் தீர்மானித்தார்கள். சவுக்காரக் கட்டியை நாலாக வெட்டிப் பாவித்த, ஒரு போத்தல் மண்ணெண்ணெயை வாரக்கணக்கில் நீட்டிய தலைமுறை அது. 2007இல் முழுக் கிராமங்களும் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, வெறும் வளவில் மீண்டும் அடுப்பு மூட்டின. இன்றும் வயல் வரம்பில் பொன்னாங்காணியும் வல்லாரையும் பிடுங்கி, குளத்து மீனை ஆணம் வைத்து, விறகில் சோறாக்கி, வடித்த கஞ்சியையும் வீணாக்காமல் குடிக்கும் வீடுகள் இவை. இந்த அடுப்படியிலிருந்து இன்னும் எதைக் குறைக்கலாம் என்று எந்தப் பயிற்றுநராலும் காட்ட முடியாது. குறைக்க முடிந்ததையெல்லாம் அந்தப் பெண்கள் எப்போதோ குறைத்துவிட்டார்கள்.

இதில் புதுமை எதுவும் இல்லை. வருமானம் குறையக் குறைய அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும் என்று 1857இலேயே எர்னஸ்ட் ஏங்கல் என்ற ஜேர்மன் புள்ளியியலாளர் காட்டிவிட்டார். வருமானத்தின் பெரும்பகுதி அரிசிக்கும் பருப்புக்கும் தேங்காய்க்கும் போனால், அங்கே வெட்டுவதற்கு ஆடம்பரம் இல்லை. வெட்டினால் வயிற்றில்தான் வெட்ட வேண்டும். தேநீருக்குச் சீனியைக் குறைப்பதும், பிள்ளைக்கு முட்டையை நிறுத்துவதும், தாய் இரவுச் சாப்பாட்டை விடுவதும் சேமிப்புக் கணக்கில் வராது. அவற்றை நாம் வேறு பெயரால் அழைக்க வேண்டும்.

அடுத்து, "மொத்தமாக வாங்குங்கள்" என்ற அறிவுரை. கணக்கு சரிதான். ஐந்து கிலோ சீனியை ஒன்றாக வாங்கினால் கிலோவுக்குப் பத்து ரூபா குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் ஐம்பது ரூபா. ஆயித்தியமலையிலோ உன்னிச்சையிலோ பன்சேனையிலோ இருந்து வலையிறவுப் பாலம் தாண்டி நகரத்துக்குப் போய்வரும் பஸ் காசில் அந்த ஐம்பது ரூபா கரைந்துபோகும். போகிற நாளில் கூலியும் போகும். மாதச் சாமான் முழுவதையும் சேர்த்து வாங்கினால் மிச்சம் கூடத்தான் செய்யும். ஆனால் அதற்கு மாதத் தொடக்கத்தில் கையில் இருபதாயிரமோ முப்பதாயிரமோ இருக்க வேண்டும். மாதச் சம்பளம் வாங்கும் உத்தியோகத்தர் வீட்டில் அது இருக்கிறது. வேளாண்மை வெட்டுக்கோ மண் ஏற்றவோ போய் அன்றன்று கூலி வாங்கும் வீட்டில் அன்றைய காசுதான் இருக்கிறது. "இருந்தாத்தானேகா மொத்தமா வாங்க" என்று ஒரு பெண் சொன்னால் அதற்குப் பதில் எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லை. மொத்தமாக வாங்குவதில் வரும் மிச்சத்தைச் சிக்கனத்தின் பலன் என்று சொல்வது தவறு. அது கையில் முதல் வைத்திருப்பதன் பலன்.

நகரத்துப் பெரிய அங்காடிகளில் வங்கி அட்டைக்கு விலைக்கழிவு கிடைக்கும். அட்டை யாரிடம் இருக்கிறது? குளிரூட்டி இருக்கும் வீடு மீன் மலிந்த நாளில் மூன்று கிலோ வாங்கி வைக்கும். குளிரூட்டி யார் வீட்டில் இருக்கிறது? மலிவான விலை எப்போதும் ஒரு நுழைவுக் கட்டணத்துக்குப் பின்னால்தான் வைக்கப்பட்டிருக்கிறது. டேவிட் கப்லோவிட்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் நியூயோர்க் நகரத்து ஏழைக் குடும்பங்களின் கொள்வனவை ஆராய்ந்து 1963இல் வெளியிட்ட நூலின் தலைப்பே, ஏழைகள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்பதுதான். நியூயோர்க்குக்குப் பொருந்தியது படுவான்கரைக்கு இன்னும் அதிகமாகப் பொருந்துகிறது.

சிறிய பக்கெட்டுகளைப் பழிப்பவர்கள் அவை ஏன் பிறந்தன என்று யோசிப்பதில்லை. ஷாம்பூவைச் சிறு உறையில் அடைத்து விற்கும் யோசனையைப் பரப்பியவர்களில் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் முக்கியமானவர். அவருடைய மகன் ரங்கநாதன் 1983இல் தொடங்கிய தொழில்தான் சிக் ஷாம்பூவைத் தமிழ்நாட்டின் கிராமங்களுக்கு எல்லாம் கொண்டுபோனது. நாட்கூலி வாங்குபவரின் கையில் ஒரு நாளுக்கான காசுதான் இருக்கும் என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள். வியாபாரிக்கு விளங்கிய இந்த உண்மை கொள்கை வகுப்பவர்களுக்கு விளங்கவில்லை. இலங்கையில் 2021 மார்ச் 31 முதல், உணவும் மருந்தும் தவிர்ந்த 20 மில்லிலீற்றருக்கும் 20 கிராமுக்கும் உட்பட்ட பிளாஸ்ரிக் உறைகள் தடைசெய்யப்பட்டன. வாவியில் பிளாஸ்ரிக் சேர்வது பெரும் கேடு, தடை தேவையானதுதான். ஆனால் உறைக்குப் பதிலாகப் போத்தலை வாங்கும் காசு எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்கவில்லை. கடையில் அளந்து ஊற்றிக் கொடுக்கும் ஒழுங்கை நாடெங்கும் செய்திருந்தால் வாவியும் தப்பியிருக்கும், வாங்குபவரும் தப்பியிருப்பார்.

இனி, அதிகம் திட்டு வாங்கும் கொப்பிக்கு வருவோம். ஊர்க் கடையில் கடன் எழுதும் கொப்பி இல்லாவிட்டால் இந்தப் பிரதேசத்தில் பல அடுப்புகள் வாரத்தில் சில நாள் எரியாது. மழை நாளில் கூலி இல்லை. விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்களில் வயலில் வேலை இல்லை. அந்த நாட்களிலும் பிள்ளைகளுக்குப் பசிக்கும். கொப்பிக்கு ஒரு விலை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. நூறு ரூபாச் சாமானை நூற்றைந்துக்கு எழுதி இரண்டு வாரத்தில் காசு கொடுத்தால், அது வருடத்துக்கு 130 வீத வட்டி. ஆனால் இந்த வட்டியை வைத்து அந்தப் பெண்ணை அறிவில்லாதவள் என்பதும் கடைக்காரரைக் கொள்ளைக்காரர் என்பதும் இரண்டுமே அநியாயம். கடைக்காரரும் நகரத்து மொத்த வியாபாரியிடம் கடனுக்குத்தான் எடுக்கிறார். திரும்பி வராத கடனையும் அவரே சுமக்கிறார். ஐந்நூறு ரூபாவைப் பதினைந்து நாளுக்கு நியாயமான வட்டியில் கொடுக்க எந்த வங்கியும் இந்தப் பெண்ணின் படலைக்கு வரவில்லை. வங்கி வராத இடத்தில் கொப்பி வந்தது.

வங்கிக்குப் பதிலாக நுண்கடன் கம்பனிகளின் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. போர் முடிந்த பிறகு வடக்கிலும் கிழக்கிலும் வாரக்கட்டுக் கடன் எப்படிப் பரவியது என்பது எல்லோருக்கும் தெரியும். கடைசியில் அரசே தலையிட வேண்டி வந்தது. 2018இல், வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்துக் கட்ட முடியாமற்போன ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கப்பட்டது. மட்டக்களப்பும் அவற்றில் ஒன்று. வட்டிக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்ற உச்சவரம்பும் அந்த ஆண்டில்தான் வந்தது. 35 வீதத்தை உச்சவரம்பாக வைப்பதே ஒரு நிவாரணமாகக் கருதப்பட்டது என்றால், அதற்கு முன் நிலைமை என்னவாக இருந்திருக்கும்? இந்த வட்டியைக் கட்டிக்கொண்டிருந்த பெண்களிடம் சீனிப் பக்கெட்டின் அளவைப் பற்றி வகுப்பெடுத்தோம்.

இந்த மண்ணுக்கே உரிய கொடுமை ஒன்று இருக்கிறது. சாப்பாட்டுச் சாமானை இங்கே அதிக விலைக்கு வாங்குபவர்களே அதை விளைவிப்பவர்கள். படுவான்கரை நெல் விளையும் பூமி. சொந்த வயல் உள்ளவர் சாப்பாட்டுக்குச் சில மூடைகளை ஒதுக்கி வைக்கலாம். குத்தகைக்கும் கூலிக்கும் செய்பவர்களோ, உரக் கடனும் உழவுக் காசும் வெட்டு மெஷின் கூலியும் கொடுக்க, களத்திலேயே ஈர நெல்லை விற்றாக வேண்டும். 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என்று அரசு உத்தரவாத விலை அறிவித்தது. அறிவிப்பு வந்தபோது கிழக்கில் அறுவடை தொடங்கிவிட்டிருந்தது. அந்த விலைக்கு நெல் சந்தைப்படுத்தல் சபை எடுப்பதானால் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. காயவைக்கத் தளமும் வைத்திருக்கக் களஞ்சியமும் காத்திருக்க நாளும் இல்லாதவருக்கு அந்த 120 ரூபா காகிதத்தில் மட்டும் இருந்த விலை. ஒரு கிலோ அரிசிக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நெல் வேண்டும். 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட நாட்டரிசியின் கட்டுப்பாட்டு விலை கிலோ 230 ரூபா. களத்தில் தொண்ணூறு ரூபாவுக்கு நெல் போனது என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ அரிசிக்கான நெல்லுக்கு விவசாயி கண்டது 135 ரூபா. சில மாதங்களில் அதே வீடு அதே அரிசியை 230 கொடுத்து வாங்கியது. இடையில் உள்ள 95 ரூபாவைப் பட்டியல் எழுதி மீட்க முடியாது.

பாலிலும் இதே கதைதான். மாடு வளர்க்கும் கிராமங்கள் காலையில் பாலைச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளைக்கு இறக்குமதிப் பால்மா வாங்குகின்றன. 2021 ஒக்டோபருக்கு முன் 380 ரூபாவாக இருந்த 400 கிராம் பால்மாப் பக்கெட் 2022 மார்ச்சில் 790 ரூபாவாயிற்று. தன் பாலைத் தானே பிள்ளைக்கு வைக்க முடியாத நிலைக்குக் காரணம் அறியாமை என்று சொல்லிவிட முடியாது. கையில் காசு காணும் ஒரே வழியாகப் பால் இருப்பதுதான் காரணம்.

இன்னும் பெரிய கணக்கைப் பார்ப்போம். 2020 ஒக்டோபரில் சீனிக்கான இறக்குமதி வரியைக் கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைத்தார்கள். அரசின் வருமானம் போயிற்று, கடைச் சீனி விலை அதற்கேற்பக் குறையவில்லை. 2021இல் இரசாயன உரத்தை ஒரே அறிவிப்பில் நிறுத்தினார்கள். விளைச்சல் விழுந்தது. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு மேல் ஏறியது. 12.5 கிலோ சமையல் எரிவாயு 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபா, 2022 ஏப்ரலில் 4,860. மண்ணெண்ணெய் 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. விளக்கெரிக்கும் வீட்டுக்கும் வாவியில் இயந்திரத் தோணி ஓட்டுபவருக்கும் விழுந்த அடி அது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அந்தச் செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். பெறுமதி சேர் வரி 8 வீதத்திலிருந்து படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. கூலிக்காரரும் கோடீஸ்வரரும் ஒரே சவுக்காரத்துக்கு ஒரே வரி கட்டுகிறார்கள். பல வருடம் பிடியரிசியாகவும் சீட்டுக்காசாகவும் ஒரு பெண் சேர்த்தது ஆறு மாதத்தில் பாதியாகக் கரைந்துபோனது. அதில் அவளுடைய தவறு எந்த வரியில் இருக்கிறது?

வீட்டுத்தோட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டம் நல்லது, முடிந்தவர்கள் போடத்தான் செய்கிறார்கள். ஆனால் கத்தரிக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் வேண்டும். உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு நகரத்துக்குப் போகிறது. வரட்சி மாதங்களில் இதே பிரதேசத்தின் உட்கிராமங்கள் குடிதண்ணீர் பவுசருக்குக் காத்து நிற்கின்றன. குடிக்கவே இல்லாத தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொல்கிறோம். தப்பி வளர்ந்த வாழையையும் மரவள்ளியையும் இரவில் யானை பார்த்துக்கொள்கிறது. யானை வேலி இல்லாத ஊரில் தோட்டம் போடச் சொல்பவர் முதலில் வேலியைப் பற்றிப் பேச வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் உண்மை இருக்கும் இடத்தை நான் மறைக்கவில்லை. சாராயமும் கசிப்பும் இந்தப் பிரதேசத்தில் எத்தனையோ வீடுகளின் அரிசியைத் தின்கின்றன. சடங்குக்கும் கலியாணத்துக்கும் கடன் வாங்கிச் செலவழிக்கும் பழக்கமும் இருக்கிறது. இவை பேசப்பட வேண்டியவை, வெளிப்படையாகவும் கடுமையாகவும் பேசப்பட வேண்டியவை. ஆனால் யாரிடம் பேசுகிறோம் என்று பாருங்கள். குடிப்பவர் கூட்டத்துக்கு வருவதில்லை. அவர் குடித்தது போக மிஞ்சிய காசில் ஐந்து வாய்க்குச் சோறு போடும் பெண்தான் வருகிறாள். நாட்டிலேயே மிகத் திறமையாகக் காசை நீட்டத் தெரிந்தவளை உட்காரவைத்து, காசை எப்படி நீட்டுவது என்று பாடம் நடத்துகிறோம். சடங்குச் செலவும் வெறும் வீண்செலவு அல்ல. இன்று நான் வைக்கும் மொய் நாளை என் வீட்டு ஆபத்துக்குத் திரும்பி வரும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. காப்புறுதி இல்லாதவர்களுக்கு உறவுதான் காப்புறுதி. அதை விடச் சொல்வதானால் அதற்கு ஈடாக வேறொன்றைக் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் ஏழைக் குடும்பத்தின் சாமான் செலவை உண்மையில் எது குறைத்திருக்கிறது? வரலாறு தெளிவாகச் சொல்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், இலங்கையில் தொடங்கிய அரிசிப் பங்கீடு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டு ஏழைகளின் வயிற்றைக் காத்தது. 1953இல் கொத்தரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது ஆகஸ்ட் 12இல் நாடே ஹர்த்தாலில் எழுந்தது, பிரதமர் டட்லி சேனாநாயக்கா பதவி விலக நேர்ந்தது. அன்றைய மக்கள் அரிசி விலையை வீட்டுக்காரியின் சாமர்த்தியமாகப் பார்க்கவில்லை. அதை அரசியலாகப் பார்த்தார்கள். 1979இல் பங்கீட்டை நிறுத்தி உணவு முத்திரை கொடுத்தார்கள். விலை ஏற ஏற முத்திரையின் பெறுமதி தேய்ந்தது. 2023இல் அரசு தொடங்கிய அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுக்கும் இதே ஆபத்து உண்டு. விலையோடு சேர்ந்து ஏறாத பணம் ஒவ்வொரு மாதமும் சற்றுக் குறைவான அரிசியைத்தான் வாங்கும்.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டைப் பாருங்கள். அங்கே நியாயவிலைக் கடை ஏழைக்கு மட்டும் என்று ஒதுக்கப்படாமல் எல்லா அட்டைதாரர்களுக்கும் திறந்திருக்கிறது. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். துவரம் பருப்பும் பாமாயிலும் மானிய விலையில். சந்தையில் விலை ஏறும் மாதங்களிலும் உலையில் போட அரிசி வீட்டில் இருக்கும் என்பதுதான் அந்தக் குடும்பங்களின் மிகப் பெரிய சேமிப்பு. எந்தப் பயிற்சியாலும் அந்த அளவு மிச்சத்தைக் கொடுக்க முடியாது.

மொத்தமாக வாங்குவதன் பலனை ஏழைகளும் பெற்ற வழி ஒன்று இருக்கிறது, சேர்ந்து வாங்குவது. 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரத்துத் தொழிலாளர் 28 பேர் சேர்ந்து மாவும் வெண்ணெயும் சீனியும் விற்கும் கடையைத் திறந்தார்கள். 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நமக்கும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் இருந்தது. "சங்கக்கடை" என்றால் ஊருக்கே தெரியும். தனியொரு வீட்டுக்கு இல்லாத முதல் இருநூறு வீடுகளுக்குச் சேர்ந்து இருக்கிறது. சங்கத்தின் லொறி ஒரு தடவை நகரத்துக்குப் போனால் இருநூறு பஸ் பயணம் மிச்சம். பாலமும் இதைத்தான் செய்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் 'பாதை' எனப்படும் மிதவையிலும் தோணியிலும் வாவியைக் கடந்தார்கள். அந்தக் கூலியையும் காத்திருப்பையும் குறைத்தது பொதுப்பணம்தான். எந்த வீட்டின் சிக்கனத்தாலும் அது நடக்கவில்லை.

ஆகவே பேச வேண்டியவற்றைப் பேசுவோம். பெரும்போக அறுவடைக்கு முன்பே நெல் விலையை அறிவித்து, உலர்தளத்தோடும் களஞ்சியத்தோடும் கொள்வனவு நிலையத்தை இந்தப் பிரதேசத்துக்குள்ளேயே திறக்க வேண்டும். சங்கக்கடையைக் கட்சிக்காரர் கையிலிருந்து மீட்டு, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களின் மேற்பார்வையில் அரிசி, பருப்பு, சீனி, மா, தேங்காய் எண்ணெய் ஆகிய ஐந்தையாவது மொத்த விலைக்கு அண்டிய விலையில் கொடுக்க வேண்டும். கூட்டுறவுக் கிராமிய வங்கி ஆயிரம், இரண்டாயிரம் ரூபாவை நியாய வட்டியில் கடனாகக் கொடுத்துக் கொப்பியின் இடத்தை எடுக்க வேண்டும். அஸ்வெசும கொடுப்பனவு உணவு விலையோடு சேர்ந்து ஏற வேண்டும். அடிப்படை உணவுச் சாமான்கள் எல்லாம் பெறுமதி சேர் வரியிலிருந்து விலக்கப்பட வேண்டும். தண்ணீர்க் குழாயும் யானை வேலியும் வந்த பிறகு விதைப் பக்கெட்டோடு வாருங்கள்.

இவற்றில் எதுவும் பெரும் கனவு அல்ல. ஒவ்வொன்றும் எங்கேயோ, எப்போதோ நடந்து பலன் கொடுத்தது. பயிற்சிக் கூட்டங்களுக்கு மண்டபம் எடுத்து, சாப்பாடு கொடுத்து, பதாகை அடித்துச் செலவாகும் பணத்தில் ஒரு கிராமத்துச் சங்கக்கடைக்கு முதல் லொறிச் சாமானை இறக்கலாம். அதைச் செய்யுங்கள். அந்தக் கடையும் அந்த விலையும் அந்தத் தண்ணீரும் வந்த பிறகும் ஒரு குடும்பம் காசை வீணாக்கினால், அன்றைக்கு அந்தக் குடும்பத்திடம் சிக்கனத்தைப் பற்றிப் பேசும் உரிமை நமக்கு உண்டு. அதுவரை அந்த உரிமை நமக்கு இல்லை.